மரணம் நடந்த வீட்டை வாங்கலாமா? முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

வீடு பிடித்துப்போய், விலையும் கைக்கு எட்டுவதாக இருக்கும் வேளையில், தெருமுனைக் கடைக்காரர் "அந்த வீடா? அங்கே ஒரு சாவு விழுந்ததே" என்று சொல்லிவிட்டால், பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். அன்றே அந்த வீட்டை மறந்துவிடுகிறார்கள். அல்லது "இந்தக் காலத்தில் இதையெல்லாமா பார்ப்பது" என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டு மறுநாளே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் விசாரிக்காமல் எடுத்த முடிவுகள்.

உறவினர்களோடும் நண்பர்களோடும் இத்தகைய வீடுகளைப் பார்க்கப் போய்வந்ததில் நான் கண்டது இதுதான்: அவர்கள் பயந்த இடத்தில் சிக்கல் இருந்தது குறைவு, அவர்கள் திரும்பியே பார்க்காத இடத்தில் இருந்தது அதிகம். அது பெரும்பாலும் வாரிசுப் பங்கில் இருக்கும். சில வேளை மின்கம்பியில் இருக்கும். சில வேளை வாங்குகிறவரின் சொந்தக் குடும்பத்திலேயே இருக்கும். கீழே உள்ள படிகள் தமிழ்நாட்டில் பழைய வீடோ அடுக்குமாடிக் குடியிருப்போ வாங்குபவர்களுக்கானவை. செலவில்லாத படிகளை முன்னால் வைத்திருக்கிறேன். ஒரு படியில் விடை சரியில்லை என்றால் அடுத்த படிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வீட்டின் சர்வே எண், கதவு எண், விற்பவர் கையில் உள்ள பத்திரத்தின் எண்ணும் ஆண்டும், இறந்தவரின் முழுப் பெயர், இறப்புச் சான்றிதழின் நகல் ஆகியவை வேண்டும். தரகரிடம் கேட்டால் முதல் மூன்றும் கிடைத்துவிடும்.

உங்களுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரும், உரிமம் பெற்ற ஒரு மின்பணியாளரும், தேவைப்பட்டால் ஒரு கட்டடப் பொறியாளரும் வேண்டும். விற்பவரோ தரகரோ காட்டும் வழக்கறிஞர் உங்களுக்காகப் பார்ப்பவர் அல்லர். வங்கிக் கடன் கிடைத்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பதும் பரவலான தவறு. வங்கியின் வழக்கறிஞர் வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாரிடமும் கேட்கமாட்டார்.

1. முதலில் உங்கள் வீட்டாரிடம் கேளுங்கள்

பலர் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். பத்திரம் எல்லாம் பார்த்து, முன்பணமும் கொடுத்த பிறகு மனைவியிடமோ தாயிடமோ சொல்லி, அவர் அழுது மறுத்து, பணம் திரும்பி வராமல் போன குடும்பங்கள் உண்டு. இது செலவில்லாத படி என்பதால் இதுவே முதல் படியாக இருக்க வேண்டும்.

எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்காதீர்கள். கூட்டத்தில் "எனக்கென்ன, உங்களுக்குச் சம்மதம் என்றால் சரி" என்றுதான் பதில் வரும். தனித்தனியாகக் கேளுங்கள். பகலில் அந்த வீட்டில் அதிக நேரம் தனியாக இருக்கப்போகிறவர் யாரோ, அவருடைய மறுப்பை மட்டும் பேசிப் பேசிக் கரைக்க முயல வேண்டாம். காலையில் கிளம்பி இரவு திரும்புகிறவரின் துணிச்சலை நம்பி வாங்கிய வீட்டில், நாள் முழுக்க இருக்க வேண்டியவர் வேறொருவர்.

"பயமாக இருக்கிறதா" என்று கேட்பதைவிட, "சாவு நடந்த அறையில் யார் படுத்துக்கொள்வது" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் முன்வரவில்லை என்றால் நீங்கள் வாங்குவது மூன்று படுக்கையறை வீடு அல்ல, இரண்டு படுக்கையறை வீடு. விலையையும் அப்படியே கணக்கிட வேண்டும். நடைமுறையில் அந்த அறை சாமான் அறையாகிப் பூட்டியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். குடிபோன முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்; அவர்கள் சொல்லும் கதை நடந்ததைவிடப் பெரியதாக இருக்கும். வயதுக்கு ஏற்ற சொற்களில் நீங்களே முன்னால் சொல்வது நல்லது.

2. "சாவு நடந்தது" என்பதை நான்கு கேள்விகளாகப் பிரியுங்கள்

இறந்தது யார், எப்படி, வீட்டின் எந்த இடத்தில், எப்போது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு விடையும் உங்களை வேறு வேறு படிக்கு அனுப்பும்.

யார் என்பது உரிமையாளரா, அவர் குடும்பத்தினரா, வாடகைக்கு இருந்தவரா என்பதைச் சொல்லும். உரிமையாளர் என்றால் 5ஆம் படி உங்களுக்கு மிக முக்கியம். வாடகைக்கு இருந்தவர் என்றால் உரிமையில் பொதுவாக எந்த மாற்றமும் இல்லை.

எப்படி என்பதில் நான்கு வகை உண்டு: முதுமையாலோ நோயாலோ வந்தது, விபத்து, தற்கொலை, கொலை. முதல் வகைக்காக ஒரு வீட்டை விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மருத்துவர் கைவிரித்த பிறகு "உயிர் வீட்டிலேயே போகட்டும்" என்று ஆம்புலன்சில் அழைத்துவருவது நம் ஊர் வழக்கம். நாற்பது ஆண்டு பழைய தனிவீட்டில் ஒரு மரணம்கூட நடந்ததில்லை என்று யாராவது அடித்துச் சொன்னால், அந்தப் பேச்சைத்தான் சந்தேகிக்க வேண்டும். விபத்து என்றால் 4ஆம் படி. தற்கொலை, கொலை என்றால் 6ஆம் படி.

எந்த இடத்தில் என்பதைக் கேட்காமல் விடுகிறார்கள். "அந்த வீட்டில்" என்று ஊர் சொல்வது, விசாரித்தால் வாசலுக்கு வெளியே நடந்த சாலை விபத்தாகவும், மருத்துவமனையில் நடந்ததாகவும் முடிவதுண்டு. எப்போது என்பது 7ஆம் படிக்குத் தேவை.

3. யாரிடம் முதலில் கேட்பது

அக்கம்பக்கத்தில் தொடங்கி, பிறகு காகிதம் பார்த்து, கடைசியில் விற்பவரிடம் போங்கள். விற்பவரிடம் முதலில் கேட்டால் அவர் சொல்வதைச் சரிபார்க்க உங்களிடம் எதுவும் இருக்காது.

அக்கம்பக்கம் என்றால் ஒட்டிய வீட்டுக்காரர் மட்டும் போதாது. அவருக்கே அந்த வீட்டின் மேல் ஒரு கண் இருக்கலாம். இஸ்திரி போடுபவர், பால் போடுபவர், அடுக்குமாடி என்றால் காவலாளி, வீட்டுவேலைக்கு வரும் அம்மா ஆகியோர் பல வீடுகளுக்குப் போய்வருபவர்கள். தனித்தனியாகக் கேட்ட மூன்று பேரின் விடைகளில் பொதுவாக வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மரணத்துக்குப் பிறகு அங்கே யாராவது குடியிருந்தார்களா, எவ்வளவு காலம் இருந்தார்கள், ஏன் காலி செய்தார்கள் என்றும் கேளுங்கள். வந்த வாடகைக்காரர்கள் எல்லோரும் சில மாதங்களில் கிளம்பியிருந்தால், பேய்க்கதையை நம்புவதற்கு முன் தண்ணீர், வடிகால், நாற்றம், பக்கத்து வீட்டுத் தகராறு ஆகியவற்றை ஒவ்வொன்றாக விசாரியுங்கள்.

காகிதத்தில் முதலாவது இறப்புச் சான்றிதழ். அதில் இறந்த தேதியும் இறந்த இடமும் இருக்கும்; எதனால் இறந்தார் என்பது இருக்காது, ஏனென்றால் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் காரணத்தை வெளியிட விடுவதில்லை. ஆகவே சான்றிதழில் ஒன்றுமில்லை என்பதை "இயற்கை மரணம்" என்று படித்துவிடக் கூடாது. இயற்கைக்கு மாறான மரணம் என்றால் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகியிருக்கும். 2024 ஜூலை 1க்கு முந்தையது என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. அதற்குப் பிந்தையது என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு. அந்த முதல் தகவல் அறிக்கையின் நகலும், விசாரணை முடிந்ததற்கான இறுதி அறிக்கையின் நகலும் குடும்பத்தாரிடம் இருக்கும். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலும் முதல் தகவல் அறிக்கையைத் தேடலாம். எல்லா அறிக்கைகளும் அதில் ஏற்றப்படுவதில்லை.

கடைசியாக விற்பவர். இங்கே ஒரு சட்டநுட்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் மரணம் நடந்ததை விற்பவர் தாமாகவே சொல்லியாக வேண்டும் என்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவு, சொத்திலோ உரிமையிலோ உள்ள, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. மரணம் அத்தகைய குறை என்று அதில் எழுதப்படவில்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின்படி வெறுமனே சும்மா இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. தெரிந்தே பொய் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தால் அது மோசடி, அந்த ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யக் கோரலாம். ஆகவே வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "இந்த வீட்டில் இயற்கைக்கு மாறான மரணம் ஏதேனும் நடந்துள்ளதா, அது தொடர்பாக வழக்கு நிலுவையில் உள்ளதா" என்று வாட்ஸாப்பிலாவது எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். எதிரே உட்கார்ந்திருப்பவர் கணவரையோ பிள்ளையையோ பறிகொடுத்தவராக இருக்கலாம். காபி கொடுத்த கையோடு அவரிடம் "எந்த ரூமில் நடந்தது" என்று கேட்பது கொடுமை. குடும்பத்தில் ஒரு மூத்த ஆணையோ பெண்ணையோ தனியாகச் சந்தித்துக் கேளுங்கள்.

4. அந்த மரணத்தில் வீட்டுக்குப் பங்கு உண்டா என்று பாருங்கள்

வாங்குபவர்கள் ஆவிக்குப் பரிகாரம் தேடும் அளவுக்கு இதைத் தேடுவதில்லை. இதுதான் அடுத்த உயிரைக் காக்கும் படி. ஒருவரைக் கொன்ற குறை திருத்தப்படாமல் அப்படியே இருந்தால், அது உங்கள் குடும்பத்துக்காகக் காத்திருக்கிறது.

மின்சாரம் தாக்கி இறந்தார் என்றால், எந்த இடத்தில், எதைத் தொட்டபோது என்று கேளுங்கள். மாடியில் துணி காயப்போடும் இரும்புக் கம்பி, வீட்டுக்கு வரும் மின்கம்பியின் தேய்ந்த இடத்தில் உரசி நிற்பது பழைய வீடுகளில் சாதாரணம். தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் ஒயர் ஈரத்தில் கிடப்பதும் அப்படியே. எர்த் குழி உண்மையில் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்பதை மின்பணியாளர் கருவியால் அளந்து சொல்ல வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பீங்கான் ஃபியூஸ் மட்டும் உள்ள வீடு என்றால் முழு வயரிங்கையும் மாற்றும் செலவை விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ் ஒயரைக் காக்கும், மனிதரைக் காக்காது.

குளியலறையில் மயங்கி விழுந்து இறந்தார், காரணம் தெரியவில்லை என்று சொன்னால், அங்கே கேஸ் கீசர் இருந்ததா என்று கேளுங்கள். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் அது எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இதைக் "காத்துக் கருப்பு அடித்தது" என்று ஊர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கீசரைக் கழற்றி வெளியே பொருத்துவதுதான் அதற்கு உரிய பரிகாரம்.

கழிவுநீர்த் தொட்டியிலோ மூடிக் கிடந்த கிணற்றிலோ நடந்த மரணம் என்றால், மூடியின் உறுதியையும் காற்றுக்குழாய் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சோதிக்கிறேன் என்று நீங்களும் இறங்காதீர்கள், வேறொருவரையும் இறக்காதீர்கள். உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. லாரியில் வரும் இயந்திரத்தைத்தான் அழைக்க வேண்டும். மாடியிலிருந்து விழுந்தவர் என்றால் கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு மேல் வருகிறதா, படிகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள்.

தீவிபத்து நடந்த வீடு தனி வகை. புதுப் பூச்சும் பெயின்ட்டும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். கூரையின் அடிப்பகுதியைச் சிறு சுத்தியலால் தட்டினால் வெற்று ஒலி வரும் இடங்கள் காரை பிரிந்த இடங்கள். கான்கிரீட் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தாண்டி வெந்திருந்தால், உள்ளே இருக்கும் ஜல்லியைப் பொறுத்து, இளஞ்சிவப்பாக மாறியிருக்கலாம். அப்படித் தென்பட்டால் கட்டடப் பொறியாளர் வலிமைச் சோதனை செய்து எழுதிக் கொடுக்காமல் மேலே போகாதீர்கள்.

தனியாக இருந்தவர் இறந்து சில நாள் கழித்துத்தான் தெரியவந்தது என்றால் தரையைப் பாருங்கள். நண்பர் ஒருவர் பார்த்த வீட்டில், கூடமும் மற்ற அறைகளும் பழைய மொசைக் தரையாக இருக்க, ஓர் அறையில் மட்டும் புது டைல்ஸ் இருந்தது. தரகர் "அழகுக்காகப் போட்டது" என்றார். ஜன்னல்களை முதல் நாள் மாலையே அடைத்து வைக்கச் சொல்லி, மறுநாள் உச்சிவெயிலில் கதவைத் திறந்தபோது காரணம் மூக்குக்குத் தெரிந்தது. உடலிலிருந்து கசிவது டைல்ஸின் இணைப்புகள் வழியாகக் கீழே உள்ள சிமென்ட் கலவைக்குள் இறங்கிவிடும். மேலே புது டைல்ஸ் ஒட்டினால் வெயில் ஏறும்போதெல்லாம் நாற்றம் மேலே வரும். அந்த இடத்தில் டைல்ஸையும் அடிக் கலவையையும் வெட்டியெடுத்து, கிருமிநாசினியிட்டு, நன்றாகக் காயவிட்டு, மேலே பூச்சுக் கொடுத்துப் புதிதாகப் போட வேண்டும். ஏசியின் உட்புறமும் மர அலமாரிகளும் நாற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். இது செய்து முடிக்கக்கூடிய வேலைதான். செலவை யார் ஏற்பது என்பது மட்டும் விலை பேசும்போது தீர வேண்டும்.

5. இறந்தவர் உரிமையாளர் என்றால், வாரிசுகளை எண்ணுங்கள்

பணத்தை இழந்தவர்களில் பெரும்பாலானோர் இழந்தது இந்தப் படியில்தான்.

வில்லங்கச் சான்றிதழைத் தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பாருங்கள். ஆனால் அதில் மரணம் தெரியாது, வாரிசுரிமை பதிவாவதில்லை. இறந்தவரின் பெயரில் வில்லங்கம் சுத்தமாக இருப்பதை வைத்து உங்களிடம் விற்பவருக்கு உரிமை இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அது யார் யார் வாரிசு என்று காட்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்ப்பளிக்காது. பங்கை இறந்தவரின் மதத்துக்குரிய வாரிசுரிமைச் சட்டம் தீர்மானிக்கிறது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகிறது. மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் அதில் அடங்குவர். தந்தை அந்த வகுப்பில் இல்லை. இறந்தவர் பெண் என்றால் வரிசை வேறு. கிறிஸ்தவர், முஸ்லிம் என்றால் சட்டமே வேறு.

தாயைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோரை விட்டு இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் தாய்க்கும் நான்கில் ஒரு பங்கு. மகன் போன துக்கத்தில் அந்தப் பாட்டியும் அடுத்த ஆண்டே கண்மூடிவிட்டால், உயில் இல்லாத நிலையில், அவருடைய கால் பங்கில் அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது இறந்தவரின் அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளுக்கும் உரிமை வந்துவிடும். மனைவியும் பிள்ளைகளும் நல்ல மனதோடு கையெழுத்திட்டு விற்றாலும் அந்தப் பங்கு உங்களுக்கு வராது. ஆகவே இரண்டு மரணம் என்றால் இரண்டு வாரிசுச் சான்றிதழ்கள் கேளுங்கள்.

வாரிசுகளில் பதினெட்டு வயது நிரம்பாதவர் இருந்தால், தாயின் கையெழுத்து மட்டும் போதாது. இந்து மைனரின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியின்றி வாங்கினால், அந்தப் பிள்ளை வயது வந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்து விற்பனையைச் செல்லாததாக்க முடியும்.

"மகளுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டோம், அவள் கேட்கமாட்டாள்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். வேண்டாம் என்பவர், தம் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைவிட நல்லது, எல்லா வாரிசுகளும் கிரயப் பத்திரத்திலேயே விற்பவர்களாகக் கையெழுத்திடுவது.

இறந்தவர் உயிரோடிருந்தபோது கொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து ஒருவர் விற்க வந்தால் உடனே நிறுத்துங்கள். அதிகாரம் கொடுத்தவரின் மரணத்தோடு அந்த அதிகாரமும் பொதுவாக முடிந்துவிடும். உயில் இருக்கிறது என்றால், அதில் சாட்சிக் கையெழுத்திட்ட இருவரில் ஒருவரையாவது நேரில் பாருங்கள். நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிப்பது தேவையா என்று உங்கள் வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

6. தற்கொலை, கொலை என்றால் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

தற்கொலைக்குக் கடன் காரணம் என்று ஊர் சொன்னால், அந்தக் கடன் வீட்டின்மேல் இருக்கிறதா என்று தேடுங்கள். வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்த அடமானம் பெரும்பாலும் வில்லங்கத்தில் தெரியும். கந்துவட்டிக்காரரிடம் மூலப்பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடன் தெரியாது. ஆகவே "அசல் பத்திரம் தொலைந்துவிட்டது, நகல் எடுத்துத் தருகிறோம்" என்று குடும்பத்தார் சொன்னால், காவல் நிலையப் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழ் விளம்பரம் மூன்றும் முடியும்வரை பணம் கொடுக்காதீர்கள். இறந்தவரின் கடனை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து வசூலிக்கக் கடன்காரர் வழக்குப் போடலாம் என்பதால், நீதிமன்ற வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் இறந்தவர் பெயரையும் ஒவ்வொரு வாரிசின் பெயரையும் போட்டுத் தேட வேண்டும். வீட்டின் உரிமை பற்றிய வழக்கு நடக்கும்போது வாங்கினால் அதன் தீர்ப்பு உங்களையும் கட்டும்.

கொலை என்றால், குற்றம் சாட்டப்பட்டவர் வாரிசுகளில் ஒருவரா என்பதே முதல் கேள்வி. இந்து வாரிசுரிமைச் சட்டம் 25ஆம் பிரிவு, கொலை செய்தவரும் அதற்கு உடந்தையாக இருந்தவரும் கொலையுண்டவரின் சொத்தை அடைய முடியாது என்கிறது. அவர் முன்பே இறந்துவிட்டதுபோலக் கருதிப் பங்கு பிரியும். வழக்கு முடியாதவரை யாருக்கு எவ்வளவு என்றே தெரியாது. அத்தகைய வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வெளியாள் செய்த கொலை, விசாரணை முடிந்து வீடு குடும்பத்தார் கையில் இருக்கிறது என்றால் உரிமையில் தடையில்லை. மற்ற படிகளைத் தொடரலாம்.

7. காலம் கடக்கட்டும்

பதினாறாம் நாள் காரியம் முடியுமுன் விலை பேசப் போகாதீர்கள். சில நட்சத்திரங்களில் இறந்தால் அடைப்பு என்று வீட்டையோ அறையையோ பூட்டி வைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அவிட்டம் முதல் ரேவதி வரையிலான ஐந்து நட்சத்திரங்களுக்குப் பஞ்சாங்கங்கள் ஆறு மாதம் என்கின்றன. உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் விற்பவருக்கு இருக்கலாம்.

முதலாண்டுத் திவசம் முடியும்வரை பொறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துக்கத்தின் வேகத்தில் "இந்த வீடே வேண்டாம்" என்று கையெழுத்திட வருபவர், சில மாதங்களில் மனம் மாறுவார். அதற்குள் வாரிசுகளுக்கிடையே உள்ள பிணக்கும் வெளியே வந்துவிடும். பொறுக்கும் காலத்தில் முடிந்தால் அதே வீட்டில் வாடகைக்கு இருந்து பாருங்கள். முதல் படியில் வீட்டார் சொன்ன சம்மதம் எவ்வளவு உறுதியானது என்பது அப்போது தெரிந்துவிடும்.

8. விலையைக் கணக்கிடுங்கள்

மலிவாகக் கிடைக்கிறது என்பதை மட்டும் பார்ப்பவர்கள், பிடிக்காமல் திரும்ப விற்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்கிடுவதில்லை. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் அரசுக்குப் போகும். வீட்டைத் திரும்ப விற்றாலும் அது திரும்பி வராது. வாங்கும்போது கிடைக்கும் சலுகை இந்தத் தொகையையும், 4ஆம் படியில் கண்ட பழுதுச் செலவையும் தாண்டுகிறதா என்று பாருங்கள். நீங்கள் விற்கும் நாளில் உங்களிடமும் இதே கேள்வியைக் கேட்பார்கள். நீங்களும் இதே சலுகையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதே தெருவில் அண்மையில் பதிவான வீடுகளின் விலையை அடிப்படையாக வைத்து, பழுது, காத்திருப்பு, மறுவிற்பனை ஆகியவற்றைக் காரணம் காட்டிப் பேசுங்கள். இறந்தவரைக் காரணம் காட்டிப் பேசாதீர்கள். "கெட்ட வீடு" என்று ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்லிக் குறைத்த பணம் வேண்டியதில்லை. அந்தச் சொல்லால் மனம் நொந்து பேச்சையே முறித்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு.

9. ஒப்பந்தமும் பணமும்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி முன்பணம் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் எல்லா வாரிசுகளின் பெயரும், மரணம் பற்றி விற்பவர் எழுத்தில் சொன்ன விவரமும், இவர்களைத் தவிர வேறு வாரிசு இல்லை என்ற உறுதிமொழியும், பின்னால் யாரேனும் உரிமை கோரினால் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பும், இவற்றில் ஏதேனும் பொய் என்று தெரிந்தால் முன்பணத்தைத் திருப்பித் தரும் தேதியும் இருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன் உங்கள் வழக்கறிஞர் பெயரில் ஒரு தமிழ் நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுங்கள். மறைந்திருக்கும் பங்காளி வெளியே வர அது ஒரு வாய்ப்பு.

பணத்தைக் குடும்பத்தின் மூத்தவர் கையில் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். அவரவர் பங்கை அவரவர் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள்; பின்னாளில் "எனக்கு எதுவும் வரவில்லை" என்ற வழக்கை அதுதான் தடுக்கும். விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத வருமானவரியைப் பிடித்துச் செலுத்துவது வாங்குபவரின் கடமை. வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அவர் பங்குக்கு விதியும் விகிதமும் வேறு. பணம் செலுத்துவதற்கு முன் ஆடிட்டரைக் கேளுங்கள்.

10. பதிவுக்குப் பின், பால் காய்ச்சும் முன்

வேலைகளின் வரிசை மாறினால் செலவு இரட்டிப்பாகும். முதலில் வயரிங், பிறகு தரை வெட்டும் வேலை, கழிவுநீர்த் தொட்டி, பிறகு பூச்சு, கடைசியில் பெயின்ட். பலர் மனம் ஆறட்டும் என்று முதலில் பெயின்ட் அடித்துவிட்டு, எர்த் கம்பிக்காக அதே சுவரை உடைக்கிறார்கள்.

உங்கள் குடும்ப வழக்கப்படி கணபதி ஹோமமோ, ஜெபக்கூட்டமோ, குர்ஆன் ஓதுதலோ வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கப்போகிறவர்களின் மனம் நிலைகொள்ள அது உதவும் என்றால் அதைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை. அடுத்தடுத்துப் பரிகாரம் சொல்லிப் பணம் கேட்பவர்களை மட்டும் வாசலோடு நிறுத்துங்கள். சடங்கை வேலைகள் முடிந்த பிறகு, எல்லோரும் மரணம் நடந்த அறையிலும் உட்கார்ந்து சாப்பிடும்படி வையுங்கள். பூட்டிவிட்டு மற்ற அறைகளில் மட்டும் விருந்து வைத்தால் அந்தப் பூட்டு பிறகு திறக்கப்படுவதில்லை.

பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவற்றை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பல வீடுகளில் மின் இணைப்பு இறந்தவரின் தந்தை பெயரிலேயே இருக்கும். அதை மாற்ற வாரிசுகளின் ஒப்புதல் கேட்டால், ஊரைவிட்டுப் போன குடும்பத்தை அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அந்த விண்ணப்பங்களில் கையெழுத்துகளைப் பதிவு நாளன்றே வாங்கிவிடுங்கள். வாரிசுச் சான்றிதழ்கள், இறுதி அறிக்கையின் நகல், மின்பணியாளரும் பொறியாளரும் எழுதிக் கொடுத்தவை, விற்பவரின் எழுத்துப்பூர்வமான பதில் எல்லாவற்றையும் கிரயப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். என்றாவது நீங்கள் விற்கும்போது வாங்க வருபவரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.